விலை ஒன்று, வேகம் வேறு!
விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

விலை ஒன்றுதான். பெட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால், ஒரு கம்ப்யூட்டரில் விளையாட்டு தங்குதடை இல்லாமல் ஓடுகிறது. இன்னொன்றில் நின்று நின்று நகர்கிறது!

இது எதனால்?

"விலை குறைந்த சரக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பலர் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். அது தவறு. கொடுத்த பணம் எந்த உறுப்புக்குப் போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். அதில்தான் காரணம் இருக்கிறது.

வினாடிக்கு 60 படம்

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுத்து வைத்த படங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு அப்படி அல்ல. ஒவ்வொரு படமும் அந்த நொடியில் புதிதாக வரையப்படுகிறது. வினாடிக்கு 60 படங்கள் வந்தால் ஆட்டம் சீராக இருக்கும். 20, 25 என்று குறைந்தால் தள்ளாடும்.

இந்த வேலையை இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பிராசசர் கணக்குப் போடுகிறது. கிராபிக்ஸ் கார்டு படம் வரைகிறது.

கல்யாண வீட்டில் ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் சமைக்கிறார். நறுக்குகிறவர் எவ்வளவு வேகமாக நறுக்கினாலும், அடுப்பு ஒன்றுதான் என்றால் பந்தி தாமதம்தான்!

சில மலிவுக் கம்ப்யூட்டர்களில் இதுதான் நடக்கிறது. பிராசசரின் பெயர் பெரிதாக இருக்கும். கண்ணாடிப் பெட்டி இருக்கும். வண்ண விளக்கு மின்னும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் மட்டமாக இருக்கும். விளக்கு மின்னுவதால் விளையாட்டு ஓடாது!

பெயர் ஒன்று, சரக்கு வேறு

என்விடியா கம்பெனி 2017-ல் ஜிடி 1030 என்ற மலிவு கார்டை வெளியிட்டது. 2018-ல் அதே பெயரில் இன்னொரு கார்டு வந்தது. முதல் கார்டின் மெமரி வினாடிக்கு 48 ஜிகாபைட் தகவலைக் கொடுத்தது. இரண்டாவது கார்டில் அது ஏறக்குறைய 17 ஜிகாபைட்தான்! பல விளையாட்டுகளில் வேகம் பாதி அளவுக்குக் குறைந்துபோயிற்று.

"மெமரியின் வகையைப் பெட்டியில் குறித்திருக்கிறதே" என்று சொல்லலாம். அந்தக் குறிப்பின் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்? பொன்னி என்று எழுதிய மூட்டையில் வேறு அரிசி இருந்தால் வீட்டார் சும்மா இருப்பார்களா? சரக்கு மாறினால் பெயரும் மாற வேண்டும். அதுதான் நியாயமான வியாபாரம்.

சின்ன விஷயம், பெரிய பலன்

கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதி இல்லாதவர்கள் ராமைக் கவனிக்க வேண்டும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் படம் வரையும் பகுதி, அந்த ராமைத்தான் நம்பி இருக்கிறது. 16 ஜிபி ராம் ஒன்றைப் போடுவதைவிட, 8 ஜிபி ராம் இரண்டைப் போடுவது நல்லது. ஒரு வழிச் சாலை இரு வழிச் சாலையாக ஆவது போன்றது இது. ஒரே அளவு ராம்தான், வேகம் கூடும்.

கார்டு உள்ளவர்கள் மானிட்டர் வயரை அந்தக் கார்டிலேயே சொருக வேண்டும். மதர்போர்டில் சொருகினால், கார்டுக்குக் கொடுத்த பணத்தின் முழுப் பலன் கிடைக்காது.

பில்லில் எழுதி வாங்குங்கள்

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சிலவற்றில் வரையும் வேலை அதிகம். சிலவற்றில் கணக்கு வேலை அதிகம். ஆகவே, பிள்ளை எந்த விளையாட்டை விளையாடப்போகிறான் என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஏற்ற உறுப்புக்குப் பணத்தை ஒதுக்குங்கள்.

கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கார்டின் முழுப் பெயர் என்ன? அதன் மெமரி எந்த வகை? எத்தனை ஜிபி? ராம் ஒன்றா, இரண்டா? இவை எல்லாவற்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால், அந்த விளையாட்டையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது திரையிலேயே தெரியும்.

நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், அடுத்த கடைக்குப் போங்கள். மாதா மாதம் மிச்சம் பிடித்த பணம் அது. விளக்கின் பளபளப்புக்குப் போய்விடக்கூடாது!