சோதனையில் சிக்காத மருந்து

பொரித்த கொடுவாக் குஞ்சு தூள் தீவனத்தைச் சீண்டாது. அதன் கண்ணெதிரே இரை துடிக்க வேண்டும். முதலில் ரோட்டிஃபர், சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய நீருயிரிகளே அந்த இரை. ஆகவே நோய்க்கான மருந்தையும் இரைக்குள் வைத்தே ஊட்டுகிறார்கள். பொரித்த ஆர்ட்டீமியா ஏறத்தாழ எட்டு மணி நேரம் எதையும் தின்னாது. ஒருமுறை தோலுரித்ததும் நீரில் மிதக்கும் துகளையெல்லாம் விழுங்கத் தொடங்கும். ஆன்டிபயாடிக் கலந்த எண்ணெய்க் குழம்பில் அதைச் சில மணி நேரம் விட்டால், அரை மில்லிமீட்டர் உயிரி நீந்தும் மாத்திரையாகிவிடும்.

கெட்டிக்கார உத்திதான். தொட்டி நீரில் மருந்தைக் கொட்டுவதைவிட இதற்கு மிகக் குறைவாகவே செலவாகும். ஆனாலும் நோய் இன்னதென்று தெரியாமல், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் குஞ்சுப் பொரிப்பகங்கள் இதைக் கையாள்வதை அரசு நிறுத்தியாக வேண்டும்.

நோயுற்ற குஞ்சு இரையெடுப்பதில்லை; மருந்து அதிகம் போய்ச் சேர்வது நன்றாக இருக்கும் குஞ்சுக்குத்தான். தின்னாமல் விட்ட ஆர்ட்டீமியாவிலிருந்து மருந்து தண்ணீரில் கசிகிறது. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவு அது. கழிவுநீரோடு அந்தக் கிருமியும் கழிமுகத்துக்குப் போகிறது.

நம் கண்காணிப்போ மறுமுனையில் நிற்கிறது. இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் சோதிக்கப்படுபவற்றின் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் 10 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தியது. அந்தச் சோதனை தேடுவது சதையில் எஞ்சிய மருந்தை. இரண்டு வார வயதில் ஊட்டிய மருந்து, மாதக்கணக்கில் வளர்ந்து சந்தைக்கு வரும் இறாலிலோ மீனிலோ எங்கே இருக்கும்? சான்றிதழ் சுத்தமாக வரும். மருந்துக்கு அடங்காத விப்ரியோ என்ற நோய்க்கிருமி தொட்டியிலேயே தங்கிவிடும்.

2023-இல் திருத்தப்பட்ட கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் மனித நலனுக்குத் தீங்கான ஆன்டிபயாடிக்குகளைத் தடுக்கிறது. தாளில் இருப்பது பொரிப்பகத்துக்குள் நுழைய வேண்டுமானால், ஏற்றுமதிப் பெட்டியோடு குஞ்சுத் தொட்டியையும் வடிகாலையும் சோதிக்க வேண்டும்; எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் ஒரு தொட்டிக் குஞ்சு முழுவதும் செத்து மிதப்பதைப் பார்த்தவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் அவர் தொட்டிக்கு விப்ரியோ வரும் வழிகளில் ஒன்று அதே ஆர்ட்டீமியா. முட்டை வெடிக்கும்போது கசியும் கிளிசரால் அந்தக் கிருமிக்கு விருந்து. முட்டையின் மேலோட்டைக் குளோரின் கரைசலில் நீக்கி, பொரித்ததை நன்றாகக் கழுவி விட்டாலே பாதி வழி அடைபடும். மருந்து ஏறும் அதே ஆர்ட்டீமியா வயிற்றில் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் ஏற்றலாம். சிறு பொரிப்பகங்களுக்கு அரசு மானியம் தர வேண்டியது இதற்குத்தான்.