சுவரில் ஒரு பலகை

என் மகள் இங்கே புனேயில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறாள். இரவு 10 மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை. "அஜைல், லீன் எல்லாம் வந்தாச்சுப்பா, இனி சீக்கிரம் வந்துடுவேன்" என்றாள். ஆறு மாதமாயிற்று. 10 மணி 11 ஆகியிருக்கிறது.

விசாரித்தேன். சுவரில் ஒரு பலகை, ஒப்பந்தத்துக்கு ஒரு சீட்டு, தினமும் காலையில் நின்றபடியே 15 நிமிடக் கூட்டம். பலகைக்குப் பெயர் கான்பான். ஜப்பானில் டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. கையில் உள்ளது முடியாமல் அடுத்தது உள்ளே வரக்கூடாது என்பதுதான் அதன் உயிர். ரயில்வேக்காரனுக்கு இது புதிதா? முன்னே போன வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்து, லைன் கிளியர் கிடைத்தால்தான் அடுத்த வண்டி புறப்படும். மகள் பெயரிலோ ஒரே சமயத்தில் 17 சீட்டு! பலகையை வாங்கியவர்கள் வரம்பை வாங்கவில்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. டொயோட்டாவில் பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். எங்கள் கீமேன் தண்டவாளம் முறிந்திருந்தால் ராஜதானியையும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவார், யாரிடமும் உத்தரவு கேட்கமாட்டார். (டிப்ளமா படித்த நான் கற்றதில் பாதி அவர்களிடம்தான்.) ஒரு ஷரத்து சரியில்லை என்று மகள் நிறுத்தினால், "விற்பனைப் பிரிவு காத்திருக்கிறது" என்கிறார்களாம். நாளை வழக்கு வந்தால் கையெழுத்துக்குப் பொறுப்பு யார்?

முறையை நான் குறை சொல்லவில்லை. நம் சங்கத்திலும் மேலாளர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பலகையில் ஓர் ஆளுக்கு எத்தனை சீட்டு?