‘ஸ்டொப்’ படுத்தும் பாடு

‘ஸ்டொப்’ என்னும் ஆங்கில வினையைக் கண்டவிடமெல்லாம் ‘நிறுத்து’ என்று பெயர்த்து அமைவோர் நம்மிடையே பலர். நானும் அவ்வாறு செய்து நாணியவனே. கதையொன்றில், புகைபிடிப்பதற்காக வழியில் நின்ற கிழவரை, அப்பழக்கத்தையே நிறுத்தியவராக்கிவிட்டேன்; அடுத்த பக்கத்திலே அவர் சுருட்டும் கையுமாக வந்தார்! ‘ஸ்மோக்கிங்’ தொடர்ந்தால் விட்டொழித்தல். ‘டு ஸ்மோக்’ தொடர்ந்தால் அதன்பொருட்டு நிற்றல்.

நில், நிறுத்து எனத் தமிழ் இரண்டாக வகுத்ததை ஆங்கிலம் ஒரே உருவில் அடக்கிற்று. அச்சொல்லின் பழம்பொருளோ துவாரத்தை அடைத்தல். போத்தலின் அடைப்பானை ‘ஸ்டொப்பர்’ என்பதும் அதனாலேயே. வழியை அடைத்தால் நடப்பது நிற்குமன்றோ?

மேற்கூறிய ‘ஸ்மோக்கிங்’, ‘டு ஸ்மோக்’ வேறுபாட்டைப் பள்ளிகளில் சூத்திரமாக மனனஞ் செய்விப்பது வீண்வேலை என்பேன். அந்தக் கிழவரையும் சுருட்டையும் காட்டுக. எந்த மாணவனுக்கும் அரைமணியில் விளங்கும்.