அனுப்பிய கதையைத் திரும்பப் பெறலாமா?

எழுதுவது ஒரு முடிவு. எழுதியதை இதழுக்கு அனுப்புவது மற்றொரு முடிவு. அனுப்பியதைத் திரும்பக் கேட்பது மூன்றாவது முடிவு. முதலிரண்டையும் பற்றி வகுப்பறையில் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர், புதிதாகத் தொடங்கப்பெற்ற சிற்றிதழ் ஒன்றுக்குச் சிறுகதை அனுப்பியுள்ளார். மாசி மகத்தையொட்டிப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், கிள்ளையில் முஸ்லிம்கள் மாலை அளித்து வரவேற்பதும் நம் பகுதி அறிந்த மரபு. அதுவே கதையின் களம். "தர்கா விஷயத்தைக் கதையாக்கலாமா?" என்கின்றனர் சிலர்; "கோயில் விஷயம் நமக்கெதற்கு?" என்கின்றனர் வேறு சிலர். "இதழோ புதிது, நிலைக்குமா?" என்பாரும் உளர். கதையைத் திரும்பப் பெறுவதா என்று மாணவர் தயங்குகிறார்.

இதழ் புதிது என்பதை முதலில் நோக்குவோம். 1933-இல் தோன்றிய 'மணிக்கொடி'யும், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'ம் ஒரு காலத்தில் புதிய இதழ்களே. திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு, இருபதை ஒட்டிய வயதில் 'எழுத்து' வழியாகவே வாசகர்க்கு அறிமுகமானார். நீண்ட ஆயுள் இல்லாத இதழும் நிலைத்த எழுத்தாளரைத் தந்துவிடும். எனவே புதுமை குறையாகாது.

காலத் தாழ்வு நியாயமான காரணம். மூன்று திங்கள் பொறுத்து நினைவூட்டி எழுதலாம். அதற்கும் மறுமொழி இல்லையேல், 'கதையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று பணிவுடன் தெரிவித்த பின்னரே வேறிதழுக்கு அனுப்புதல் முறை. ஒரே கதையை இரண்டு இதழ்களுக்கு ஒருங்கே அனுப்பிவிட்டு மௌனமாக இருப்பது வாக்குப் பிறழ்தலாகும். உரிமை குறித்தும் அச்சம் வேண்டா. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்து மூலம் கையொப்பமிட்டு உரிமையை மாற்றித் தராதவரை அது ஆசிரியருடையதே.

இனி, அச்சத்தால் திரும்பப் பெறுதல். மலையாள எழுத்தாளர் எஸ். ஹரீஷ், 'மாத்ருபூமி' வார இதழில் வெளிவந்துகொண்டிருந்த 'மீச' தொடரை, மிரட்டல்களின் காரணமாக 2018 ஜூலையில் நிறுத்திக்கொண்டார். குடும்பத்தைக் காக்க ஒருவர் அவ்வாறு செய்தால் அவரைப் பழித்தல் அறமன்று. ஆயினும் நாவலை அவர் கைவிடவில்லை; அது நூலாக வந்தது. அதனைத் தடைசெய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 5-இல் தள்ளுபடி செய்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020-இல் ஜேசிபி பரிசு பெற்றது.

நம் சமுதாயத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', முஸ்லிம் ஊரொன்றின் ஆதிக்கத்தையும் மூடநம்பிக்கையையும் கடுமையாகக் காட்டுவது. அதனைத் தொடராக வெளியிட்டது 'முஸ்லிம் முரசு' என்னும் சமுதாய இதழே. 1988-இல் அது நூலாயிற்று. 1997-இல் அவருடைய 'சாய்வு நாற்காலி' சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அன்று அத்தொடர் தடுக்கப்பட்டிருப்பின் இழப்பு யாருக்கு? நமக்கே.

ஸ்ரீமுஷ்ணத்து மாணவரின் கதையைக் குறைகூறுவோருள் ஒருவரேனும் அதைப் படித்தவரல்லர். அது இன்னும் அச்சேறவே இல்லை! மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைப்படியுடன் கிள்ளைக்கும், தம் ஊர்த் திருக்கோயிலுக்கும் சென்று, மரபறிந்த முதியோரிடம் படித்துக் காட்டட்டும். செய்தியில் பிழையிருப்பின் திருத்தி, இதழாசிரியருக்குத் திருத்தப்படியை அனுப்பட்டும். பிழைக்காகக் கதையைத் திருத்தலாம்; கதை தமக்கே நிறைவளிக்கவில்லையெனில் திரும்பவும் பெறலாம். படியாதவர் பேச்சுக்காகத் திரும்பப் பெறுதல் கூடாது.

பெரியோர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: முதலில் படியுங்கள், பின்னர் சினந்தாலும் கேட்டுக்கொள்வோம். பல்லக்கு வரும் வழியில் மாலையுடன் நிற்கும் பெருந்தன்மை நம் பகுதிக்குப் புதிதன்று. அதைப் பற்றி ஓர் இளைஞர் எழுதும் கதைக்கும் அப்பெருந்தன்மையில் சிறிது கிட்டட்டும்.