மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு

மஞ்சள் கடுதாசி கொடுத்த தஞ்சாவூர் மிராசுதாரின் பத்தாயத்தில் நெல் இருப்பதே கடன்காரனுக்குச் செய்யும் துரோகம் என்கிறார் நண்பர். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, சமையற் பாத்திரத்தையும், ஸ்திரீகள் மதாசாரப்படி கழற்றலாகாத ஆபரணத்தையும், பயிரிடுவோனின் ஜீவனத்துக்கு இன்றியமையாத ஏர், மாடு, விதை நெல் ஆகியவற்றையும் ஜப்தியினின்று விலக்கியதும், 1920-இன் மாகாணத் திவால் சட்டம் அவ்விலக்கை ஏற்றதும் வெறும் தயவினாலல்ல; விதை போனால் அடுத்த போகமில்லை, போகமில்லையேல் கடன்காரனுக்கும் ஒரு மரக்கால் கிடையாது.

ஆடம்பரக் கல்யாணங்கள் குடியைக் கெடுத்தது மெய்தான். ஆனால், முப்பதுகளில் நெல் விலை சரிந்து குடும்பங்கள் முழுகியபின், ராஜாஜி மந்திரிசபை 1938-இல் சட்டமியற்றி, 1932 அக்டோபருக்கு முந்திய விவசாயக் கடன்களின் வட்டிப் பாக்கியைத் தள்ளியது ஊதாரிகளுக்குப் பரிசளிக்கவா?

மாதந்தோறும் வரவு செலவு எழுதச் சொல்வதும் சம்பளக்காரர் உபதேசம். குறுவை அறுப்பிலும் தை அறுப்பிலும் மாத்திரம் வரும்படி காணும் வீடு, வருஷச் சாப்பாட்டையும் விதையையும் முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை விற்ற ரொக்கத்துக்குள்தான் துணிமணியையும் கைமாற்றையும் அடக்கவேண்டும்.

மேற்படி 1920 சட்டத்தில், திவாலிலிருந்து விடுவிக்கப்படாதவர் தம் நிலையை மறைத்து 50 ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை. மளிகைக் கடையில் பற்று எழுதச் சொல்லுமுன், கடைக்காரரிடம் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.