தந்திக்குப் பிறகு வந்த கடிதங்கள்

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் அன்னாசிப் பழத்தையும்தான் சொல்வார்கள். எனக்கு அந்த மலை என்றாலே ஒரு கட்டுக் கடிதம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்று ஓர் ஆங்கிலத் தம்பதி. எங்கள் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கு மிஷனரிகளாக வந்தவர்கள், 1913-ல் கல்யாணமான கையோடு மலையேறிவிட்டார்கள். அப்போது பஸ் ஏது, ரோடு ஏது? மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் அங்கே தங்கவே யோசித்த காலம். ஜெஸ்ஸி முழுப் படிப்புப் படித்த டாக்டர் இல்லை. ஆனாலும் பல் பிடுங்குவது முதல் நரம்புச் சிலந்திக்கு வைத்தியம் வரை எல்லாம் அவர்தான். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நரம்புச் சிலந்தி தெரியாது. குடிக்கிற தண்ணீரோடு உடம்பில் புகுந்து, ஒரு வருஷம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு முழ நீளத்துக்கு வெளியே வரும் புழு. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ் வைத்துவிடும். குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்கவேண்டும். புண்காலோடு கிணற்றில் இறங்கினால் ஊருக்கே பரவும். நம் நாட்டில் 1996-க்குப் பிறகு அது இல்லை.

1914-ல் பிறந்த மகன் பால், அடுத்து கானி என்ற பெண். 1923-ல் பிள்ளைகள் இரண்டையும் படிப்புக்காக இங்கிலாந்தில் அத்தைமார்களிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒன்பது வயசுப் பையனை! பெற்ற மனசு எப்படித்தான் துணிந்ததோ, என்னால் முடியாதம்மா. அதற்குப் பிறகு அப்பா என்பது கடிதம்தான். மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாம் எழுதுவாராம்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் போய்விட்டார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகும் கொடுமை அது. தந்தி உடனே போய்விட்டது. கடிதமோ கப்பலில் அல்லவா போகவேண்டும்? அப்பா செத்த சேதி தெரிந்த பிறகும், அப்பா கைப்பட எழுதிய கடிதங்கள் அந்தப் பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தன. மலை எவ்வளவு அழகு என்று அதில் எழுதியிருந்ததாம். அந்தப் பையன்தான் பின்னால் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். விரல் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் பட்டுத்தான் குறைகிறது என்று எடுத்துக் காட்டியவர்.

ஈவ்லின் அம்மாளோ மலையை விடவே இல்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தும், தன் பொறுப்பில் மறுபடி ஏறிவிட்டார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாதாம்! 1974-ல், 95 வயதில் காலமானார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் அப்பா லாரி டிரைவர். நாக்பூர், கல்கத்தா என்று போன இடத்திலிருந்தெல்லாம் கார்டு போடுவார். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அண்ணன் வீட்டை இடித்துக் கட்டப்போவதால், பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாமா என்று போன் செய்தான். “தொடாதே, நானே வர்றேன்”னு சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படிப் பெட்டி இருந்தால், குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் முதலில் கழற்றுங்கள். ஒன்று துருப்பிடிக்கும், மற்றது உருகி ஒட்டும். நல்ல வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். நிழலில் ஆறவிட்டு, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். யார் யாருக்கு எழுதியது என்று தனித்தாளில் பென்சிலால் குறித்துவிடுங்கள். எங்கள் அம்மாவுக்கு எழுபத்தி நாலு. ஒவ்வொரு கார்டாகப் படித்துக் காட்டி, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். “டயர் வெடிச்சுது”ன்னு ஒரு கார்டில் இருந்தது. அது எந்த ஊர் என்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.