ரெண்டு சச்சின்!

மாதக் கடைசி. பெருங்களத்தூரில் ஏறி, மின்சார ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் மேல் போர்ஷன் தம்பி செல்போனில் அலறினான்: "ஸார், டெர்மினேஷன்தான் ஸார் பிரச்னை!"

கம்பார்ட்மெண்டே வெலவெலத்துத் திரும்பியது.

"வேலை போயிடுச்சா தம்பி?"

"போனாலும் போகும்ணா. ஆனா நான் சொன்னது வேற டெர்மினேஷன்."

தம்பிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் வேலை. சர்க்யூட் போர்டு டிசைன். ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு ஒரு ஜோடி செம்புக் கோடு. அதில் விநாடிக்கு 800 கோடி பிட் ஓடணும். 2010-ல் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் வேகம் அது. கோட்டில் ஒரு பிட்டின் நீளம் சுமார் 2 செ.மீ.தானாம். கடைசியில் சரியான ரெசிஸ்டர் இல்லையென்றால், போன சிக்னல் விலாசதாரர் இல்லாத தபால் மாதிரி திரும்பி, பின்னால் வருகிற பிட்டுகளைக் குழப்பும்.

பி.காம். மண்டைக்கே இது புரிந்தது. காரணம், 2003 மார்ச் 23. உலகக் கோப்பை ஃபைனல். தெருக்கோடியில் யாரோ கனெக்‌ஷனைப் பிடுங்க, கேபிள் முனை 75 ஓம் மூடி இல்லாமல் 'ஆ'வென்று கிடந்தது. எங்கள் டி.வி.யில் ரெண்டு சச்சின்! ஒருத்தராவது நிற்பார் என்று பார்த்தால், ரெண்டு பேரும் முதல் ஓவரிலேயே அவுட்.

"அப்ப ரெசிஸ்டர் வைக்க மறந்துட்டியா?"

"வெச்சதுதாண்ணா தப்பு!"

பழைய எல்.வி.டி.எஸ். போர்டுகளில் 100 ஓம் ரெசிஸ்டரை வெளியே வைப்பது வழக்கம். இதில் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. மேனேஜர் பழைய பழக்கத்தில் வெளியேயும் ஒன்று வைக்கச் சொல்லிவிட்டார். ரெண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் 50 ஓம். வந்த சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பிவிடும். போர்டு முழுக்க எர்ரர். பழி தம்பி தலையில். வெள்ளிக்கிழமை கெடு.

வியாழன் ராத்திரி மொட்டை மாடியில் பார்த்தேன். முகத்தில் பல்ப்.

"பத்துப் போர்டுல அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிட்டேண்ணா. காலையிலேர்ந்து ஓடுது, ஒரு எர்ரர் இல்லை."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்கறார். மூணு வாரமா நாலு மெயில் போட்டேன். பதில் வரலை."

"பவுன்ஸ் ஆகித் திரும்பி வந்துச்சா?"

"அதுவும் இல்லைண்ணா."

"அப்ப உங்க ஆபீஸ்லயே நல்ல டெர்மினேஷன் அவர்தாம்ப்பா!"